அதுபாட்டுக்குக் காய்க்கும்

சௌசௌவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலேயே காய்கறி போட ஆசை, ஆனால் நேரமில்லை, உடம்பில் தெம்பும் இல்லை என்கிறவர்களுக்கு அதைவிடத் தோதான கொடி கிடையாது. விதை எடுக்க வேண்டாம், நாற்று விட வேண்டாம். சமைக்க மறந்து கூடையில் முளைவிட்டுக் கிடக்கிற காய் ஒன்றை முழுசாக எடுத்து, பாதி வெளியே தெரிகிற மாதிரி மண்ணில் வைத்தால் போதும். பெங்களூரின் குளிர்ச்சி அதற்கு ஒத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் அதைப் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றே சொல்கிறார்கள். தனக்கென்று பெரிய ருசி எதுவும் இல்லாத காய் அது. போட்ட குழம்பின் ருசியைத் தன் ருசியாகக் காட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டு மனிதர்களும் அதே ஜாதிதான்.

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் யாருடைய வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டிய சந்து. காலமான மாமனார் கட்டிய வீடு. கீழே என் கணவரின் அண்ணன் குடும்பம், மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி. மாமனார் நடமாட்டத்தோடு இருந்த காலத்தில் ஒரு பொங்கலன்று எல்லோரையும் உட்காரவைத்து, "கீழ வீடு பெரியவனுக்கு, மேல வீடும் மாடியும் சின்னவனுக்கு. எல்லாருக்கும் கேட்டுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் போட்டுக்கொண்டோம். எழுதிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பது அப்போது பெருமையான பேச்சாக இருந்தது.

அந்த மாடியில் என் கணவர் நான்கு தூண்களை இடுப்பு உயரத்துக்கு எழுப்பி, மேலே கம்பிகளை நீட்டிவிட்டார். எங்கள் மகளுக்கு ஓர் அறை. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் தளம் போட்டுவிடலாம் என்றார். கம்பி துருப்பிடிக்கக் கூடாது என்று சிமெண்டுப் பால் கரைத்துப் பூசினார். சேர்வதற்குள் அவர் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவர் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பின கையோடு, மூத்தார் மாடியில் சாமான்களைப் போட ஆரம்பித்தார். மூத்தார் என்று நான் சொல்வது கணவரின் அண்ணனை. முதலில் கால் உடைந்த கட்டில் வந்தது. பிறகு ஓடாத ஸ்கூட்டரின் பாகங்கள், மீந்துபோன டைல்ஸ். "காலியாத்தானே கெடக்குது" என்றார். அந்தச் சொல் எனக்கு ஊசி மாதிரி ஏறியது. காலியாகக் கிடக்கிற இடம் யாருடைய இடமாகவும் ஆகிவிடும் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதை நிரப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கல்லும் கம்பியும் கொண்டு நிரப்ப என்னிடம் வழியில்லை. செடியை வைத்து நிரப்பினேன். காய்கறி மேல் இருந்த ஆசையைவிட மாடி மேல் இருந்த பயம்தான் என்னைத் தோட்டக்காரி ஆக்கியது.

நேரம்தான் இல்லை. பீன்யாவில் ஏற்றுமதித் துணி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. வெளிச்சம் நன்றாக வருவதற்குள் கிளம்பி மெட்ரோவைப் பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஒரு நாளில் ஒரு வாரத்துக்கான செடி வேலையை முடிக்க வேண்டும். மற்றவர்கள் பொழுதுபோக்குக்காகத் தோட்டம் போடுகிறார்கள், நான் பொழுதே இல்லாமல் போட்டேன்.

தினமும் தண்ணீர் கேட்காத தொட்டியை நானே யோசித்துச் செய்தேன். பெயிண்ட் அடிக்கிறவர்கள் தூக்கிப்போடும் பெரிய பக்கெட்டுகளைச் சேர்த்தேன். எல்லோரும் தொட்டிக்கு அடியில் ஓட்டை போடுவார்கள். நான் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் மேலே போட்டேன். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளை நிரப்பினால், ஓட்டைக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை மேலே வேருக்குக் கொண்டுவரத் திரி வேண்டும். அதற்குத் தொழிற்சாலையில் வெட்டி எறிகிற பனியன் துணிக் கீற்றுகள் உதவின. காவலாளியிடம் காட்டிவிட்டு ஒரு பை நிறையக் கொண்டுவருவேன். வெளிநாட்டுக்காரன் போடுகிற பருத்தி நல்ல பருத்தி, தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

மண்ணின் மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் வெயிலுக்கு ஈரம் போகாது, களையும் முளைக்காது. ஏரிப்பக்கத்துச் சாலையில் தூங்குமூஞ்சி மரத்து இலையைக் கூட்டுகிற அம்மா எனக்காக ஒரு சாக்கு நிரப்பி வைப்பாள். விதைத்து விதைத்துச் சாகிற பயிரை நான் வைக்கவே இல்லை. கிள்ளக் கிள்ளத் தழைக்கிற பொன்னாங்கண்ணி, அடியோடு பிடுங்காமல் அறுத்தெடுக்கிற அரைக்கீரை, புதினா, வெட்டிவிட்டால் அடுத்த வருஷமும் துளிர்க்கிற கத்திரி. கொட்டைப்பாக்கு அளவுத் தக்காளி ஒன்று தானே பழுத்து விழுந்து தானே முளைத்தது. இப்படி எதை வைத்தால் எனக்கு வேலை குறையுமோ அதை மட்டும் வைத்தேன்.

தண்ணீருக்கும் ஒரு வழி கிடைத்தது. அதற்குக் கீழ் வீட்டு மறதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். என் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் மனைவி, தரைக்கடியில் இருக்கிற சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், தொட்டி நிரம்பி மாடியெல்லாம் வழிந்தோடும். காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ஊரில் பார்க்க வயிறு எரியும். வழிகிற குழாயில் ரப்பர் குழாயைச் சொருகி, அந்தத் தண்ணீரைப் பக்கெட்டுகளுக்கு வரிசையாகத் திருப்பினேன். பாதியாக வெட்டிய நீலப் பீப்பாய் ஒன்றை என் கணவர் எழுப்பிய தூண் ஓரமாக வைத்து, அதில் சௌசௌ வைத்தேன். கொடி கம்பியைப் பிடித்து ஏறியது. நான்கு தூண் கம்பிகளுக்கும் குறுக்கே கயிறு கட்டினேன். மகளுக்குத் தளம் போட வேண்டிய இடத்தில் பச்சைப் பந்தல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் கீழே பாய் போட்டு நானும் மகளும் படுத்துக் கிடப்போம். அந்த மதியங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சௌசௌவுக்கு மட்டும் வழிகிற தண்ணீர் போதவில்லை. குடித்துத் தீர்க்கிற கொடி அது. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கீழே யாரும் எழுந்திருக்கிறதற்குள், ரெண்டு குடம் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவேன். அரிசி கழுவின தண்ணீர், பருப்பு கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். முதுகு விட்டுப்போகும். ஆனால் யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியக் கூடாது என்றால், அதற்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரிய வேண்டும். ஒருநாள் ஓரகத்தி மேலே ஏறி வந்து, பந்தலில் தொங்குகிற காய்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"ஏம்மா, வேலைக்கும் போய்க்கினு இதையெல்லாம் எப்படி பாத்துக்கற? ரொம்ப கஷ்டமா இருக்காது?"

அந்தக் கேள்வியில் தூண்டில் இருந்தது. கஷ்டம்தான் என்று சொன்னால், செடிக்கு நேரம் இருக்கிறது, கீழே வந்து பண்டிகைக்கு ஒரு கை முறுக்குச் சுற்ற நேரம் இல்லையா என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்கடுத்து மாடியில் இவள் எவ்வளவு தண்ணீரைக் கொட்டுகிறாள் என்ற ஆராய்ச்சி நடக்கும். நான் சட்டென்று சொன்னேன்.

"ஒண்ணுமே இல்லக்கா. வெச்சு வுட்டேன், அதுபாட்டுக்குக் காய்க்குது."

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். புடவை நன்றாக இருக்கிறது என்றால் பழசு என்போம். குழம்பு நன்றாக இருக்கிறது என்றால் சும்மா இருந்ததைப் போட்டு வைத்தேன் என்போம். செய்த வேலையைச் செய்யவே இல்லை என்று சத்தியம் செய்கிற பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. உழைப்பை மறைத்தால் கண்ணேறு படாது, வம்பு வராது என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எனக்கு அதே பதில்தான். சந்தில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கல்யாண வீட்டில் கேட்டவர்களுக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

காய் அதிகமாக வர வர, கீழேயும் அதிகமாகப் போனது. முதலில் நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு கேட்டு வாங்கினார்கள். பிறகு நான் பீன்யாவில் இருக்கும்போது அவர்களே ஏறிப் பறித்துக்கொண்டார்கள். தானாக வருகிறதைப் பறித்தால் என்ன சொல்ல முடியும்? ஒருநாள் வேலை முடிந்து படியேறும்போது, கீழ் வீட்டில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி ஒரு பை நிறைய சௌசௌவை அவர்கள் கையில் கொடுத்து, "எங்க மாடில காய்ச்சது. நாங்க ஒண்ணுமே பண்றதில்ல, அதுபாட்டுக்குக் காய்க்குது" என்று சிரித்தாள். என் வாக்கியம் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. நான் மேலே போய் உலை வைத்தேன்.

அதற்கடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் திரி மாற்றிக்கொண்டிருந்தபோது, மூத்தார் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் என்னையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் போய் உள்கூரையைப் பார்த்தார்கள். தொட்டி வழிகிற இடத்துக்கு நேர் கீழே ஓர் ஈரக்கறை. என் கணவர் இருந்த காலத்திலிருந்தே இருப்பது, கீழ் வீட்டு மோட்டார் உபயத்தில் வந்தது. மூத்தார் அதைப் பார்த்து உச்சுக்கொட்டி, "செடி வெச்சா இப்படித்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். என் நல்லதை அவர் நினைத்த முதல் நாள் அது. மேஸ்திரி மாடிக்குப் போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை, இதன் மேலேயே எழுப்பலாம் என்றார்.

"ரெண்டு ரூம் எடுக்கலாம்னு இருக்கேம்மா. ஐடி பசங்களுக்கு வாடகைக்கு வுடலாம். மெட்ரோ பக்கத்துலயே இருக்குதே, அடிச்சுப்புடிச்சு வருவாங்க" என்றார் மூத்தார்.

"அது பாப்பாவுக்குன்னு அவர் எழுப்பின தூண், மாமா."

"பாப்பா கல்யாணமாயி போற பொண்ணு. அதுக்கு எதுக்கு இங்க ரூம்?"

"மாடி எங்களுக்குன்னு உங்கப்பா எல்லார் எதிர்லயும் சொன்னாரே மாமா."

"அப்பா ஆயிரம் சொல்லுவாரு. வீட்டு வரி காத்தா இன்னும் அவர் பேர்லதான் இருக்குது, எல்லாருக்கும் பொதுதான்." கொஞ்சம் நிறுத்தி, பெருந்தன்மையாகச் சொன்னார்: "உன்ன என்ன வீட்டவுட்டா போகச் சொல்றேன்?"

மாடியைப் பற்றி இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"இத்தன வருஷமா நான் வளத்த செடி மாமா இதெல்லாம். எடுத்துட்டா நான் என்ன பண்றது?"

அவர் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"செடிக்கு என்னம்மா? நீதானே சொல்லுவ, அதுக்கு ஒரு வேலையும் இல்ல, அதுபாட்டுக்குக் காய்க்குதுன்னு. பால்கனில நாலு வெச்சுக்க. அங்கயும் அதுபாட்டுக்குக் காய்க்கும்."

படியில் நின்றிருந்த ஓரகத்தியும் சேர்ந்துகொண்டாள். "ஆமா, நீ என்ன கஷ்டப்பட்டா வளத்த?"

குடம் தூக்கின முதுகு, திரி சொருகின விரல், இலைச் சாக்கைத் தலையில் சுமந்து சந்தில் நடந்த நடை, எல்லாவற்றையும் இல்லை என்று என் வாயாலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது கஷ்டப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? சொந்தக்காரர்களிடம் முறையிட்டுப் பார்த்தேன். நான் மாடியைப் பற்றிப் பேசினால், அவர்கள் செடியைப் பற்றிப் பதில் சொன்னார்கள். "ஒரு சௌசௌக் கொடிக்காகவா மூத்தவர்கூட சண்ட போடற?" என்று என் சொந்த நாத்தனாரே கேட்டாள். மாடியைக் காப்பாற்றத்தான் செடியை வைத்தேன். அந்தச் செடியையே காட்டி மாடியை வாங்கிக்கொண்டார்கள்.

மகள் அப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் நான் இதையே பேசிப் புலம்புவது அவளுக்குத் தாங்கவில்லை. "வுடும்மா, பேஜாரா இருக்குது. எனக்கு அந்த ரூமே வேணாம்" என்றாள். வேலை நடக்கிற சத்தமும் தூசியும் ஆரம்பித்தவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வைட்ஃபீல்டிலேயே ஒரு பேயிங் கெஸ்ட் விடுதிக்குப் போய்விட்டாள். அங்கே ஓர் அறையில் மூன்று பெண்களோடு ஒரு கட்டில் அவளுடையது. இங்கே அவள் அப்பா எழுப்பிய தூணின் மேல், யார் பெற்ற பிள்ளைகளுக்கோ அறை எழும்பியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பக்கெட்டுகளைக் காலி செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அது வருவதற்குள்ளேயே, நான் வேலைக்குப் போயிருந்த நாளில் ஆட்கள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டார்கள். புது அறைகளின் குளியலறைக்குத் தரையைப் பள்ளமாக விட்டிருந்தார்கள். குழாயைப் பதித்துவிட்டு அந்தப் பள்ளத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே, என் மண்ணைக் கொட்டினார்கள். சமையலறைக் கழிவும் இலையும் மக்கி, தொட்டால் பொலபொலவென்று உதிர்கிற கறுப்பு மண். அதன் மேல் சிமெண்டு பூசி டைல்ஸ் ஒட்டினார்கள். எந்த ஊர்ப் பையனோ இப்போது அதன் மேல் நின்று குளிக்கிறான். திரிக்கு வைத்திருந்த பனியன் துணியை மேஸ்திரி கை துடைக்க எடுத்துக்கொண்டார்.

சௌசௌவை மட்டும் விட்டுவைத்தார்கள். பீப்பாயை நகர்த்த முடியவில்லை என்பது ஒரு காரணம். "அது இருக்கட்டும், நம்மள ஒண்ணும் கேக்காமயே காய்க்குது" என்று ஓரகத்தி சொன்னது இன்னொன்று. கொடியைச் சுருட்டிப் புது அறையின் கைப்பிடிக் கம்பியில் ஏற்றிவிட்டார்கள். சுவர் இறுகுவதற்காக ஆட்கள் தினமும் தண்ணீர் அடித்தார்கள். அது வழிந்து பீப்பாய்க்குள் போனது. அந்த வருஷம் முன்னெப்போதும் காய்க்காத அளவுக்குக் காய்த்தது. "பாத்தியா, நீ தொடவே இல்ல, எப்படி காய்ச்சிருக்குது" என்று மூத்தார் என்னிடமே சொன்னார். அந்தக் கொடியும் அவர்கள் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி எனக்கு ஆத்திரமாக வந்தது.

அறைகளுக்குப் பையன்கள் குடி வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் குறையக் கூடாது என்று தொட்டியில் சென்சார் வைத்தார்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றுவிடும். இத்தனை வருஷம் வழிந்த தண்ணீர் ஒரே நாளில் நின்றது. சுவர் இறுகிவிட்டது, ஆட்களும் போய்விட்டார்கள். காலையில் குடம் தூக்குகிறவளும் தூக்கவில்லை. மேலே போக எனக்கு யாரும் தடை சொல்லவில்லை. படி திறந்துதான் இருக்கிறது, குடமும் வீட்டில்தான் இருக்கிறது.

வெயில் ஏறத் தொடங்கியதும் இலை ஓரம் கருகியது. கைப்பிடிக் கம்பியிலிருந்து தளர்ந்து தொங்குகிற நுனி என் வீட்டு ஜன்னல் வரைக்கும் இறங்கி வந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ரெண்டு குடம் ஊற்றினால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அடியில் கிழங்கு இருக்கிறது, அது கொஞ்ச நாள் தாங்கும். எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் காலிப் பை. சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம்.

"ஏம்மா, கொடி வாடிக்கினு கெடக்குதே. ஒரு பிஞ்சுகூட இல்ல. என்னாச்சு அதுக்கு?"

நான் அப்போது சோறு வைக்க அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பாத்திரம் நிறைய வெள்ளையாகக் கழுவின தண்ணீர் கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த நுனி தெரிந்தது.

"ஒண்ணும் ஆகாதுக்கா. அதுபாட்டுக்குக் காய்க்கும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். நான் கழுவின தண்ணீரைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டினேன். அது குழாய் வழியாகக் கீழே இறங்கிப் போகிற சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.